குழந்தைக்கு ஏது பி.பி.?

காலையில் பல் தேய்த்துவிட்டுக் கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயின் ஒரு ஓரமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது. ஒரு கண்ணை முழுசாக மூட முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படி ஆனால் வீடு பதறாமல் என்ன செய்யும்? "ராத்திரி ஜன்னலோரமாப் படுத்தான், காத்து பட்டிருக்கும்" என்பார் பாட்டி. டாக்டர் பார்த்துவிட்டு 'பெல்ஸ் பால்சி' என்பார். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்குவதால் வரும் முகவாதம் அது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருவார். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் முகம் பழையபடி ஆகிவிடும்.

சிலருக்கு ஆவதில்லை. மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் தலைவலி, வாந்தி, அப்புறம் வலிப்பு. அவசரப் பிரிவில் தூக்கிப் போட்டு, வலிப்பை அடக்கி, மானிட்டரை மாட்டும்போதுதான் அந்த எண் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது: 190/120. முகம் கோணியதே அந்த அழுத்தத்தால்தான். ஸ்டீராய்டு அதை இன்னும் ஏற்றிவிட்டிருக்கிறது. கடுமையான ரத்த அழுத்தம் பிள்ளைகளிடம் முகவாதமாக வெளிப்படலாம் என்று மருத்துவ இதழ்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகின்றன. ஆனாலும் முகவாதத்தோடு வரும் பிள்ளையின் கையில் பி.பி. பட்டையைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது எல்லா கிளினிக்கிலும் இன்னும் பழக்கமாகவில்லை. காய்ச்சல் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், தொண்டையில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பி.பி. மட்டும் பெரியவர்கள் சமாசாரம்.

இப்படி நினைப்பது நம்மூர் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரக் கிளினிக்குகளுக்கு வந்துபோன 14,187 பிள்ளைகளின் கணினிப் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியானது. பதிவான அளவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 507 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் 131 பேருடைய பதிவில்தான் டாக்டர் அதை நோய் என்று குறித்திருந்தார். அதாவது நால்வரில் மூவருக்கு அளந்திருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள், எண்ணைப் பார்த்து யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

காரணம் எளிது. எண் 'நார்மல்' மாதிரியே இருக்கிறது. 120/80 என்றால் நமக்கெல்லாம் நிம்மதி. ஆறு வயதுச் சிறுவனுக்கு அதே 120/80 வந்தால் அது உயர் ரத்த அழுத்தத்தின் முதல் கட்டம்.

பெரியவர்களுக்கு ஒரே கோடு, அதைத் தாண்டினால் நோய். பிள்ளைகளுக்கு அப்படிக் கோடு போட முடியாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால், அதே வயதும் உயரமும் உள்ள நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் இந்தப் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். தொண்ணூறுக்குக் கீழே என்றால் கவலையில்லை. தொண்ணூற்றைந்தை எட்டினால், அதுவும் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்தும் அப்படியே இருந்தால், உயர் ரத்த அழுத்தம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் இந்த அட்டவணையைத் திருத்தியபோது ஒரு நல்ல காரியம் செய்தது. பழைய அட்டவணையில் உடல் பருமனான பிள்ளைகளின் அளவுகளும் கலந்திருந்ததால் 'சராசரி'யே கொஞ்சம் ஏறிக் கிடந்தது. அவர்களை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டார்கள். கோடு சில புள்ளிகள் கீழே இறங்கியது.

அந்தப் பெரிய அட்டவணையை ஓ.பி. கூட்டத்தில் யார் புரட்டிக்கொண்டிருப்பார்கள்? அதற்காகவே சுருக்கப் பட்டியல் ஒன்றும் தந்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பையனுக்கு 101/58, ஆறு வயதுக்கு 105/66, பத்து வயதுக்கு 108/72. இதைத் தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை, நிதானமாக மறுபடி அளந்து, பெரிய அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பெண் பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். பதின்மூன்று வயதுக்கு மேல் அட்டவணையே வேண்டாம்: 120/80-க்குள் இருந்தால் நல்லது, 130/80-ஐ எட்டினால் உயர் அழுத்தம். இந்தச் சில எண்களை ஒரு அட்டையில் அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைக்க எந்தக் கிளினிக்குக்கும் செலவாகாது.

பட்டை சரியில்லை என்றால்

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளினிக்கில் இருப்பது பெரியவர்களுக்கான ஒரே பட்டை. அதைச் சிறுவனின் மெலிந்த கையில் சுற்றினால் இரண்டு சுற்று வந்து முழங்கை வரை மூடிக்கொள்ளும். அளவு குறைவாகக் காட்டும், இருக்கிற அழுத்தம் தப்பிவிடும். சின்னப் பட்டையைப் பருத்த கையில் இழுத்துக் கட்டினால் அதிகமாகக் காட்டும், இல்லாத நோய் வந்துவிடும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் நாற்பது சதவீதமாவது இருக்க வேண்டும், நீளம் கையை எண்பது முதல் நூறு சதவீதம் வரை சுற்றி வர வேண்டும். இன்றைய பதின்வயதுப் பிள்ளைகள் சிலருக்குப் பெரியவர்களின் பட்டையே போதாது, இன்னும் பெரியது வேண்டும்.

அப்புறம் நிதானம். ஊசி போடப்போகிறார்களோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளைக்கும், இப்போதுதான் படியேறி ஓடிவந்த பிள்ளைக்கும் அளந்தால் என்ன வரும்? முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். வலது கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். தானியங்கி மெஷின் அதிகம் காட்டினால் அதை நம்பி மருந்து எழுதிவிடக் கூடாது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காதால் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் கண்டுபிடித்த அந்த 'டப், டப்' சத்தத்தை இன்னும் எந்த மெஷினும் முழுசாக ஓரங்கட்டிவிடவில்லை.

ஆஸ்பத்திரி வாசனைக்கே ஏறிப்போகும் அழுத்தமும் உண்டு. வீட்டிலும் பள்ளியிலும் ஏறி, டாக்டர் எதிரில் மட்டும் சமர்த்தாக இருக்கும் அழுத்தமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி ஒரு நாள் முழுக்க அளப்பார்கள். பகலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் அரை மணிக்கு ஒருமுறை பட்டை தானாக உப்பும். ஆரோக்கியமான உடலில் தூக்கத்தில் அழுத்தம் பத்து சதவீதமாவது இறங்க வேண்டும். சிறுநீரகம் கெட்டிருக்கும் பிள்ளைகள் பலருக்கு அது இறங்குவதில்லை. இது பகல் ஓ.பி.யில் ஒருக்காலும் தெரியப்போவதில்லை.

முதலில் சந்தேகிக்க வேண்டியது

பிள்ளைக்கு வயது எவ்வளவு குறைவோ, அழுத்தம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அதன் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வேறொரு நோய் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் இருக்கும்.

நம் கிராமங்களில் இன்னும் பார்க்கக்கூடியது இது: காலில் சிரங்கு வந்து ஆறிய பிள்ளை மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் முகம் உப்பி எழுந்திருக்கிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, அளவும் குறைவு. சிரங்கிலோ தொண்டைப் புண்ணிலோ இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய பொருட்கள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து, அவை வீங்கிப்போவதால் வருவது. உப்பும் நீரும் வெளியேறாமல் தேங்கி அழுத்தம் கிடுகிடுவென ஏறும். சரியான நேரத்தில் வந்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் பழையபடி தேறிவிடுவார்கள். வீக்கத்தைப் பார்த்து 'ரத்த சோகை' என்று டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் வலிப்பு வரை போகும்.

இன்னொன்று சத்தமே இல்லாதது. சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறும். அதோடு அடிக்கடி தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். ஒன்றரை வயதில் காரணம் தெரியாமல் வந்துபோன காய்ச்சல்கள் சில அந்தத் தொற்றாக இருந்திருக்கலாம். யூரின் டெஸ்ட் எடுக்காமலே ஆன்டிபயாட்டிக்கில் அடங்கியிருக்கும். தழும்பு மட்டும் தங்கிவிடும். பன்னிரண்டு வயதில் தலைவலி என்று வரும்போது அழுத்தம் ஏறியிருக்கும், ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் சுருங்கியிருக்கும்.

சிறுநீரகம் ஏன் அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதைக் காட்டியவர் ஹாரி கோல்ட்பிளாட். 1934-ல் அதே கிளீவ்லாந்து நகரில், நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயை வெள்ளிக் கிளிப்பால் லேசாக இறுக்கினார். நாய்களின் ரத்த அழுத்தம் ஏறியது, இறங்கவே இல்லை. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும் உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டதென்று சிறுநீரகம் நினைத்துக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உடம்பெங்கும் குழாய்கள் சுருங்குகின்றன, உப்பு பிடித்துவைக்கப்படுகிறது.

கோல்ட்பிளாட் கிளிப் போட்டுச் செய்ததை இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு நோய் செய்கிறது. டக்காயாசு நோய். 1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டக்காயாசு இளம்பெண் ஒருவரின் விழித்திரையில் வினோதமாகப் பின்னிக்கொண்டிருந்த ரத்தக் குழாய்களைக் கண்டு விவரித்ததிலிருந்து அந்தப் பெயர். மகாதமனியின் சுவரும் அதன் கிளைகளின் சுவரும் அழன்று தடித்துக் குறுகிப்போகும். பதின்வயதுப் பெண் பிள்ளைகளை அதிகம் தாக்கும். நம் நாட்டில் சிறுநீரகக் குழாய் அடைப்பால் அழுத்தம் ஏறும் பிள்ளைகளிடம் முக்கியமான காரணம் இதுதான். இதில் ஒரு விபரீதம் உண்டு. கைக்குப் போகும் குழாயே குறுகியிருந்தால் அந்தக் கையில் நாடி மங்கிப்போகும், பி.பி.யும் குறைவாகவே காட்டும். உள்ளே அழுத்தம் கொதித்துக்கொண்டிருக்கும், எழுதியிருப்பதோ 100/60. அதனால்தான் சந்தேகம் வந்தால் இரண்டு கை, இரண்டு கால் என நான்கிலும் அளக்கச் சொல்கிறார்கள்.

கால் ஏன் என்றால், பிறவியிலேயே மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் குறுகலுக்கு மேலே கையில் அழுத்தம் அதிகம், கீழே காலில் குறைவு. சாதாரணமாகக் கையைவிடக் காலில்தான் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இங்கே தலைகீழ். மெஷின்கூட வேண்டாம், தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் போதும். அங்கே நாடி தட்டுப்படவில்லை என்றால் உடனே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டும். அறுவை சிகிச்சையாலோ பலூன், ஸ்டென்ட் வைத்தோ சரிசெய்யக்கூடிய குறை இது. ஆனால் ஒரு நிபந்தனை. சரிசெய்த பிறகும் பல வருடம் கழித்து அழுத்தம் திரும்ப ஏறலாம் என்பதால், ஆயுள் முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

கொழுகொழு

மேலே சொன்னதெல்லாம் பழைய கதை. புதிய கதை பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. எந்த நோயும் இல்லாமல், எடை கூடியதாலேயே அழுத்தம் ஏறும் பிள்ளைகள். பதின்வயதில் கண்டுபிடிக்கப்படும் உயர் அழுத்தத்தில் இன்று பெரும்பங்கு இதுதான். ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்ததை அடுத்தடுத்த இரண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் காட்டின. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு பதின்வயதினரில் ஐந்து சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. நாற்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பறையில் இரண்டு பேர்.

இதில் நமக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள். நெஃப்ரான் என்பார்கள். அவை அத்தனையும் தாயின் வயிற்றிலேயே, சுமார் 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். பிறந்து வளர்ந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. எடை குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறக்கும் குழந்தை குறைந்த முதலோடு வாழ்க்கையைத் தொடங்குகிறது. குறைவான வடிகட்டிகள் அதிகமாக வேலை செய்ய, அழுத்தம் ஏறுகிறது என்று 1988-ல் அமெரிக்கச் சிறுநீரக நிபுணர் பாரி பிரென்னர் சொன்னார். இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் கருவறைக் காலத்தையும் நடுவயது இதயநோயையும் இணைத்துக் காட்டியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் இந்தியப் பச்சிளங்குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை.

அப்படிப் பிறந்த குழந்தையைத்தான் நாம் 'அமுல் பேபி' ஆக்கப் பாடுபடுகிறோம். ரெண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தான், இப்போது பாருங்கள் எப்படி இருக்கிறான் என்று பெருமைப்படுகிறோம். குறைந்த முதலில் அதிக வியாபாரம். பிரசவ ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை, அதில் எழுதியிருக்கும் பிறந்த எடையை, இன்குபேட்டரில் இருந்த நாட்களை, எத்தனை வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? குழந்தை மருத்துவருக்கு அது பதினைந்து வயதிலும் உபயோகப்படும் காகிதம்.

உப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக என்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன். பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே. வீட்டுக் குழம்பு ரசத்தில் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் வைத்தால் கணக்கு நேராகாது. பாக்கெட் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும்: பின்னால் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஆயிரம் மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு, அதாவது அரை டீஸ்பூன். நூடுல்ஸ் பாக்கெட்டையும் சிப்ஸ் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன ஆகிறது?

'அதான் பிள்ளை நல்லாத்தானே விளையாடுது' என்ற கேள்விக்கு உறுப்புகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இதயம். அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் தசை தடிக்கிறது. ஜிம்முக்குப் போகும் கை தடித்தால் பலம், இதயம் தடித்தால் பலவீனம். தடித்த சுவர் விறைத்துவிடும், துடிப்புக்கு நடுவே தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் திணறும். உயர் அழுத்தம் என்று உறுதியான பிள்ளைகளை எக்கோ செய்து பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் பத்துக்கு நான்கு பேர் வரை இந்தத் தடிப்பு இருந்திருக்கிறது. அவர்களில் யாருக்கும் நெஞ்சு வலித்திருக்காது. அமெரிக்காவில் பதின்வயதினரிடம் நடந்த ஷிப் அஹோய் என்ற ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைச் சொன்னது. 'நோய்' என்ற கோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே, தொண்ணூறாவது இடத்தைத் தாண்டியவர்களிடமே இதயச் சுவர் தடிக்கத் தொடங்கியிருந்தது. கோடு நமக்காகப் போட்டுக்கொண்டது, இதயம் அதைப் படித்துவிட்டுக் காத்திருப்பதில்லை.

ரத்தக் குழாய்களுக்கான சாட்சி லூசியானா மாநிலத்தின் போகலூசா என்ற சிற்றூரிலிருந்து வருகிறது. டாக்டர் ஜெரால்டு பெரன்சன் 1973-ல் அந்த ஊர்ப் பிள்ளைகளின் எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்து எழுதத் தொடங்கினார். வருடக்கணக்கில் விடாமல் எழுதினார். அந்த ஊரில் சாலை விபத்திலும் மற்ற விபத்துகளிலும் இளைஞர்கள் சாகத்தானே செய்வார்கள்? இரண்டு வயது முதல் 39 வயது வரை அப்படி இறந்த 204 பேரின் பிரேதப் பரிசோதனை முடிவுகள் 1998-ல் வெளியாயின. மகாதமனியிலும் இதயத் தமனிகளிலும் கொழுப்புப் படிவுகள். யாருக்கு எடையும் அழுத்தமும் கொழுப்பும் சேர்ந்து அதிகமாக இருந்ததோ அவர்களுக்குப் படிவும் அதிகம். மாரடைப்பு ஐம்பது வயது நோய் என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி அந்த உடல்கள் சொல்லிவிட்டுப் போயின. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட வலுவான ஆவணம் இல்லை.

அடுத்து சிறுநீரகம். இதில் குற்றவாளியும் அதுவே, பலியும் அதுவே. அழுத்தம் நேராக வடிகட்டிகளில் போய் மோதுகிறது. முதலில் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும், பிறகு வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகும், மிச்சமிருப்பவற்றின் சுமை கூடும். இந்தச் சுழலை உடைக்க முடியுமா என்று ஐரோப்பாவில் நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 385 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் ராமிப்ரில் மருந்து. பாதிப் பேருக்கு அழுத்தத்தை வழக்கமான எல்லைக்குள் வைத்தார்கள், மறுபாதிக்கு ஐம்பதாவது இடத்துக்குக் கீழே, அதாவது இன்னும் இறுக்கமாக. ஐந்து வருடத்தில் முதல் கூட்டத்தில் 41.7 சதவீதம் பேரின் சிறுநீரகம் மோசமான கட்டத்தை எட்டியது, இரண்டாவது கூட்டத்தில் 29.9 சதவீதம். 2009-ல் வந்த எஸ்கேப் ஆய்வு இது. டயாலிசிஸ் மெஷினைச் சில வருடம் தள்ளிப்போட முடிகிறது என்பது ஏழு வயதுப் பிள்ளையின் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வாரம் மூன்று நாள் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மூளை. கட்டுரையின் முதலில் சொன்ன வலிப்பு திடீர் ஏற்றத்தால் வருவது. மூளையின் பின்பகுதியில் நீர் கசிந்து வீங்கும். பார்வையைக் கவனிக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதால் சில பிள்ளைகள் வலிப்புக்கு முன் 'கண்ணு தெரியலம்மா' என்பார்கள். அந்த நேரத்தில் டாக்டர்கள் அவசரப்படவும் வேண்டும், நிதானிக்கவும் வேண்டும். அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும். இறக்க வேண்டிய மொத்தத்தில் கால் பங்கை முதல் எட்டு மணி நேரத்தில், மிச்சத்தை ஒன்றிரண்டு நாளில் என்று கணக்கு வைத்து இறக்குவார்கள். இது தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்யக்கூடிய வேலை. வலிப்பு வராத, மெதுவாக ஏறிய அழுத்தமும் மூளையைச் சும்மா விடுவதில்லை போலிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்க் லேண்டே குழுவினர், உயர் அழுத்தமுள்ள பிள்ளைகள் நினைவு, கவனம் தொடர்பான சோதனைகளில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்குவதைக் கண்டார்கள். வித்தியாசம் சிறியது. ஆனால் 'படிப்பில் கவனமில்லை' என்று திட்டு வாங்கும் பிள்ளையின் பி.பி.யை யாராவது பார்த்தார்களா என்று கேட்க அது போதும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியிலிருந்து நேராகப் பார்க்க முடிகிற ரத்தக் குழாய்கள் விழித்திரையில்தான் இருக்கின்றன. அவை குறுகியிருப்பதையும், முற்றினால் கசிவதையும் கண் டாக்டர் விளக்கடித்தே பார்த்துவிடலாம். 'கண்ணாடி போட வேண்டுமா' என்று தலைவலிக்காகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன இடத்தில் சிறுநீரக நோய் பிடிபட்ட கதைகள் உண்டு.

இதெல்லாம் பிற்காலத்தில் என்ன ஆகிறது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உயர் அழுத்தம் என்று பதிவான 25,605 பிள்ளைகளை, அது இல்லாத சுமார் 1.28 லட்சம் பேரோடு ஒப்பிட்டு 2024-ல் எழுதினார்கள். பதின்மூன்று வருடத்துக்கும் மேலான தொடர் கண்காணிப்பில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த வயதில் மாரடைப்பு அரிது என்பதால் எண்ணிக்கை பெரிதில்லை. ஆனால் இவர்களில் பெரும்பாலானோர் இன்னும் நாற்பதைத் தொடாதவர்கள்.

மாத்திரையும் மைதானமும்

நல்ல செய்தி இல்லாமல் இல்லை. 1980 முதல் பிள்ளைகளைத் தொடர்ந்துவரும் பின்லாந்து ஆய்வையும் அது போன்ற மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், சிறு வயதில் அழுத்தம் அதிகமாக இருந்து பெரியவர்களானபின் சரியாகிவிட்டவர்களின் கழுத்துத் தமனி, எப்போதுமே சரியாக இருந்தவர்களுடையதை ஏறக்குறைய ஒத்திருந்தது. தடித்த இதயச் சுவரும் சிகிச்சையில் மெலிகிறது. உடல் இந்த வயதில் பழையதை மறக்கத் தயாராக இருக்கிறது.

எடையால் வந்த அழுத்தமென்றால் முதல் மருந்து மைதானம். வாரம் மூன்று முதல் ஐந்து நாள், அரை மணி முதல் ஒரு மணி நேரம், வேர்க்க விறுவிறுக்க. இங்கேதான் பெற்றோர் தலைகீழாக நடக்கிறார்கள். பி.பி. என்று காதில் விழுந்ததும் பி.டி. வாத்தியாருக்கு லெட்டர் எழுதி விளையாட்டை நிறுத்திவிடுகிறார்கள். பளு தூக்குதல், மல்யுத்தம், குத்துச்சண்டை மாதிரி மூச்சுப்பிடித்துச் செய்பவற்றை மட்டும், அதுவும் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால், கட்டுக்குள் வரும்வரை தள்ளிவைக்கச் சொல்வார்கள். மற்றபடி கபடியோ கால்பந்தோ தாராளமாக ஆடலாம். நிறுத்த வேண்டியது டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவே பேக்கரியில் வாங்கித் தரும் பஃப்ஸை.

இதயம் தடித்திருந்தாலோ, சிறுநீரக நோய், சர்க்கரை இருந்தாலோ, ஆறு மாதம் முயன்றும் இறங்காவிட்டாலோ மாத்திரை. அம்லோடிபின், எனலாப்ரில் என்று தாத்தாவின் டப்பாவில் இருக்கும் அதே பெயர்கள்தான், அளவுதான் எடைக்கேற்ப மாறும். அதற்காகத் தாத்தா டப்பாவிலிருந்து அரை மாத்திரை உடைத்துக் கொடுக்கும் வேலையெல்லாம் ஆகாது. எனலாப்ரில் சிறுநீரகம் இரண்டுக்கும் போகும் குழாய்கள் குறுகியிருந்தால் அந்தச் சிறுநீரகங்களையே முடக்கிவிடும், கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும். காரணம் கண்டுபிடிக்காமல் மருந்து தொடங்கக் கூடாது என்பது இதனால்தான். யூரின் டெஸ்ட், கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன் மூன்றும் மாவட்டத் தலைநகரிலேயே முடியும். அதற்கு மேல் போனால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் குழந்தைகளுக்கென்றே சிறுநீரகப் பிரிவு இருக்கிறது.

ஆக, தெரியாதது எதுவும் இல்லை. மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவி இதயக் குறை உள்ளவர்கள், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்களுக்கு அதற்கு முன்பே தொடங்க வேண்டும். இதுதான் 2017-ன் வழிகாட்டுதல். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வந்து பெரியவர்களுக்கு பி.பி. பார்த்து மாத்திரையும் தருகிறது. ஆள் இருக்கிறார், மெஷின் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. பள்ளி மருத்துவ முகாமிலும் உயரம் அளக்கிறார்கள், எடை போடுகிறார்கள், கண் பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள். இவர்கள் கொண்டுவரும் பைகளுக்குள் மூன்று அளவுச் சின்னப் பட்டைகளையும் எண்கள் அச்சிட்ட ஒரு அட்டையையும் வைத்துவிட்டால், அடுத்த முகாமிலேயே தொடங்கிவிடலாம். அதிகம் காட்டும் பிள்ளைகளை வேறு நாட்களில் இன்னும் இரண்டு முறை அளக்க யார் பொறுப்பு, எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்தாக வேண்டும். கிளீவ்லாந்தில் எல்லா அளவும் பதிவேட்டில் இருந்தது. விட்டுப்போனது அதற்கு அடுத்த படி.